சுவருக்குள் இருக்கும் சர்க்கரை

1977-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆரோக்கியமான பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று வடிவங்களில் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஒரு முறை முழுப் பழம், ஒரு முறை அரைத்த கூழ், ஒரு முறை நார் நீக்கிய சாறு. மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றுதான்: 60 கிராம். சுமார் அரைக் கிலோ ஆப்பிளில் கிடைப்பது அது.

முழுப் பழத்தைத் தின்று முடிக்க ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கே சாற்றைக் குடிக்க ஆனது. கூழைவிடவும் சாறு நான்கு மடங்கு வேகமாக உள்ளே போனது. மூன்றையும் ஒரே வேகத்தில் உண்ணச் செய்தபோதும், பழம் தின்றவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு அதிகம், கூழுக்கு அதைவிடக் குறைவு, சாற்றுக்கு எல்லாவற்றிலும் குறைவு. ரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. வேறுபாடு அதன் பிறகு தெரிந்தது. சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் அதிகமாகச் சுரந்தது. ஏறிய சர்க்கரை சற்று நேரத்தில் சடாரென்று சரிந்தது. கூழிலும் அந்தச் சரிவு ஓரளவு இருந்தது. முழுப் பழம் தின்றவர்களிடம் அது காணப்படவே இல்லை.

ஒரே பழம், ஒரே சர்க்கரை, ஒரே அளவு. ஆனாலும் உடல் மூன்று விதமாக நடந்துகொண்டது. சமைக்காத உணவை வாழ்க்கைமுறையாக எடுத்துக்கொண்டவர்கள் பழச் சர்க்கரையைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு விடை இந்தச் சோதனைக்குள்தான் இருக்கிறது. பழத்தின் சர்க்கரை நல்லதா கெட்டதா என்று கேட்பதைக் காட்டிலும், அது நம் குடலுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

மூன்று சர்க்கரைகள்

பழத்தின் இனிப்பு பெரும்பாலும் மூன்று சர்க்கரைகளால் ஆனது: குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ். முதல் இரண்டும் தனிச் சர்க்கரைகள். அவை இரண்டும் கைகோத்தால் சுக்ரோஸ். கரும்பிலிருந்து எடுத்து வெள்ளையாக்கி நாம் காபியில் போடுவதும் இதே சுக்ரோஸ்தான். மாம்பழத்தில் இருக்கும் சுக்ரோஸ் மூலக்கூறும் சர்க்கரை டப்பாவில் இருக்கும் சுக்ரோஸ் மூலக்கூறும் அமைப்பில் ஒன்றேதான். நம் சிறுகுடலின் நொதியும் இரண்டையும் ஒரே விதமாகத்தான் வெட்டுகிறது.

அளவைப் பார்ப்போம். 100 கிராம் சதையில் தர்பூசணியில் சுமார் 6 கிராம் சர்க்கரை, கொய்யாவில் 9, ஆப்பிளில் 10, வாழையில் 12, மாம்பழத்தில் 14, திராட்சையில் 15, பலாச்சுளையில் 19. நீர் வற்றிய பேரீச்சம்பழத்தில் அறுபது கிராமைத் தாண்டிவிடும். கோலா பானம் ஒன்றில் 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம். வெறும் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதினால் மாம்பழம் கோலாவைவிட மோசம் என்றாகிவிடும். பழத்தையே ஒதுக்கச் சொல்பவர்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். பழத்தில் வருவது வேறு வகைச் சர்க்கரை, எவ்வளவும் உண்ணலாம் என்பவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

அந்தச் சர்க்கரை பழத்தில் சேர்வதற்கும் ஒரு காரணம் உண்டு. வாழைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாவு. இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. விதை முதிரும் வரை காயை யாரும் தின்றுவிடக் கூடாது என்பது தாவரத்தின் தேவை. விதை முதிர்ந்ததும் எத்திலீன் வாயு சுரக்கிறது, நொதிகள் மாவைச் சர்க்கரையாக உடைக்கின்றன, பச்சை மஞ்சளாகிறது. இப்போது யாராவது வந்து தின்று விதையைத் தூரத்தில் போட வேண்டும். நாம் உண்ணும் வாழையில் விதை போய்விட்டாலும் அந்தப் பழுக்கும் முறை அப்படியே நிற்கிறது. வாழை அதிகம் கனியக் கனிய இனிப்பு கூடுவதும், செங்காயாகத் தின்னும்போது அதன் மாவில் ஒரு பகுதி செரிக்காமலே பெருங்குடலுக்குப் போவதும் இதனால்தான்.

செல் சுவர் செய்யும் வேலை

பழத்தில் சர்க்கரை சும்மா கரைந்து கிடப்பதில்லை. ஒவ்வொரு செல்லின் நடுவிலும் ஒரு நீர்ப்பை. சர்க்கரையும் அமிலமும் அதற்குள். அதைச் சுற்றிச் செல்லின் சவ்வு. அதற்கும் வெளியே செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், பெக்டின் ஆகியவற்றால் பின்னிய சுவர். நாம் நார்ச்சத்து என்று பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் இந்தச் சுவரைத்தான்.

கொய்யாவைக் கடித்து மெல்லும்போது பற்கள் செல்களில் ஒரு பகுதியைத்தான் உடைக்கின்றன. மீதி சிறு துண்டுகளாக, சுவர் குலையாமல் இரைப்பைக்குப் போகின்றன. திடமான துண்டுகளை இரைப்பை உடனே கீழே விடாது. பிசைந்து சிறிதாக்கிச் சிறிது சிறிதாகத்தான் தள்ளும். கரைந்து வெளிவந்த பெக்டின் குடலில் குழகுழப்பைக் கூட்டுகிறது. அதனூடே சர்க்கரை மெதுவாக நகர்ந்துதான் குடல் சுவரைத் தொடும். ஏரி நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்வதற்கும் கரை உடைந்து பாய்வதற்கும் உள்ள வேறுபாடு இது. தண்ணீர் அதே தண்ணீர்தான். விளைச்சலும் அழிவும் அது வரும் வேகத்தைப் பொறுத்தவை.

சமைக்காத உணவை விரும்புகிறவர்கள் தீயை விலக்குவதில் காட்டும் கவனத்தை மிக்ஸியிடம் காட்டுவதில்லை. சுழலும் பிளேடு பற்களால் முடியாத அளவுக்குச் செல்களைச் சிதைக்கும். வடிகட்டி அதற்கும் மேலே போய்ச் சுவரையே எடுத்து வெளியே போட்டுவிடும். ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று நான்கு பழங்கள் தேவைப்படும். அத்தனை பழங்களை உரித்து, சுளை சுளையாக, ஒரே மூச்சில் தின்பவர்கள் அரிது. சாறாகும்போது அது இரண்டு நிமிட வேலை.

இந்த விதி எல்லாப் பழத்துக்கும் ஒரே கண்டிப்போடு பொருந்தும் என்று சொல்ல முடியாது. பிரிஸ்டல் குழுவைச் சேர்ந்த ஹீட்டனும் சகாக்களும் 1981-இல் ஆரஞ்சையும் திராட்சையையும் சோதித்தார்கள். ஆரஞ்சு ஆப்பிளைப் போலவே நடந்துகொண்டது. திராட்சையிலோ முழுப் பழத்துக்கே சாற்றைவிட இன்சுலின் அதிகம் சுரந்தது. அண்மைக் காலத்தில் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ராஸ்பெரி போன்ற விதை நிறைந்த பழங்களை விதையோடு அரைத்துக் கொடுத்தபோது, ரத்தச் சர்க்கரை முழுப் பழத்தைவிடக் கூடவில்லை. விதை உடைந்து வெளிவரும் பொருட்கள் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தலாம் என்று கருதுகிறார்கள். எனவே அரைப்பதையும் வடிகட்டுவதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அரைத்த கூழில் நார் உடைந்த நிலையிலாவது இருக்கிறது. வடிகட்டிய சாற்றில் அது இல்லை.

ஃப்ரக்டோஸ் போகும் வழி

குளுக்கோஸை உடலின் எல்லா உறுப்புகளும் எரிபொருளாகப் பயன்படுத்தும். ஃப்ரக்டோஸின் கதை வேறு. அது இன்சுலினை அவ்வளவாகத் தூண்டாது. பெரும்பாலும் கல்லீரலில் கையாளப்படுகிறது. குளுக்கோஸ் உடையும் பாதையில் ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளி உண்டு. ஆற்றல் போதுமான அளவு இருந்தால் அங்கே வேகம் குறையும். ஃப்ரக்டோஸ் அந்தப் புள்ளியைத் தாண்டியே உள்ளே நுழைகிறது. அதனால் திடீரென்று நிறைய வந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கும். இடையில் யூரிக் அமிலமும் கூடும். இனிப்புப் பானங்களைக் கொழுப்புக் கல்லீரலோடு இணைத்துப் பேசுவதற்கு அடிப்படை இதுதான்.

அப்படியானால் பழத்தின் ஃப்ரக்டோஸ்? 2018-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா ராபினோவிட்ஸின் குழு எலிகளில் ஃப்ரக்டோஸுக்கு அடையாளமிட்டு அது போகும் வழியைத் தொடர்ந்தது. சிறிய அளவு கொடுத்தபோது பெரும்பகுதி கல்லீரலை எட்டவே இல்லை. சிறுகுடலே அதைக் குளுக்கோஸாகவும் வேறு சேர்மங்களாகவும் மாற்றி அனுப்பியது. அளவு கூடியபோது குடலின் திறன் போதாமல், மிச்சம் கல்லீரலுக்கும் பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கும் வழிந்தது. ஏற்கெனவே உணவு உண்ட எலிகளில் குடல் இன்னும் திறமையாக வேலை செய்தது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் செல் சுவர் ஏன் முக்கியம் என்பதற்கு இது தெளிவான ஒரு வழியைக் காட்டுகிறது: மெதுவாகச் சிறிது சிறிதாக வரும் ஃப்ரக்டோஸைக் குடல் வாசலிலேயே சமாளிக்க முடியும்.

குடலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஃப்ரக்டோஸை உள்ளே இழுக்கும் குளூட்-5 என்ற புரதத்தின் திறன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆப்பிள், பேரி போன்றவற்றில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் இரு மடங்குக்கு மேல். இப்படிப்பட்ட பழங்களையே வயிறு நிறையத் தின்பவர்களில் பலருக்கு உறிஞ்சப்படாத ஃப்ரக்டோஸ் பெருங்குடலில் நொதித்து வாயுவாகிறது. பழ உணவைத் தொடங்கிய முதல் வாரங்களில் வரும் உப்புசத்தையும் வயிற்றுப்போக்கையும் "கழிவு வெளியேறுகிறது" என்று சிலர் விளக்குகிறார்கள். உறிஞ்சப்படாத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுப்பதே அதற்குப் போதுமான காரணம்.

தேனும் பேரீச்சையும் எந்தப் பக்கம்?

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சர்க்கரையை இரண்டாகப் பிரித்தது. ஆலையிலோ சமையலறையிலோ சேர்க்கும் சர்க்கரையும், தேன், பாகு, பழச்சாறு, அடர்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் ஒரு பக்கம். முழுப் பழத்துக்குள்ளும் காய்க்குள்ளும் இருக்கும் சர்க்கரை மறு பக்கம். முதல் வகை ஒரு நாள் ஆற்றலில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றார்கள். இரண்டாம் வகைக்கு வரம்பு எதுவும் விதிக்கவில்லை. பிரிக்கும் கோடு செல் சுவர்தான்.

இந்தக் கோட்டை வைத்துச் சமைக்காத உணவுத் தட்டைப் பார்த்தால் பல பண்டங்கள் இடம் மாறும். அடுப்பில் ஏறாத தேனும், குளிர்முறையில் பிழிந்த பழச்சாறும் வெள்ளைச் சர்க்கரையின் வரிசையில் வந்து நிற்கும். பேரீச்சம்பழம் முழுதாகத் தின்றால் பழத்தின் பக்கம். ஊற வைத்து வழவழப்பாக அரைத்துப் பாகாக்கிவிட்டால் கோட்டை நெருங்கிவிடும். முழுப் பேரீச்சையில்கூட நீர் குறைவு என்பதால் ஐந்தாறு பழத்திலேயே ஒரு பெரிய மாம்பழத்தின் சர்க்கரை வந்துவிடுகிறது.

நீண்ட காலக் கணக்கும் இதே திசையைக் காட்டுகிறது. அமெரிக்காவில் 1,87,382 மருத்துவத் துறையினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த மூன்று ஆய்வுகளைச் சேர்த்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். அந்தக் காலத்தில் 12,198 பேருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்திருந்தது. ப்ளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை முழுப் பழமாக அதிகம் உண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பழச்சாறு வாரத்துக்கு மூன்று முறை கூடும்போது வாய்ப்பு எட்டு விழுக்காடு கூடியது. சீனாவில் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்த கடூரி ஆய்வின் 2017 அறிக்கையில், தினமும் புதுப் பழம் உண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 12 விழுக்காடு குறைவு. பழம் உண்பவர்கள் மற்ற வகைகளிலும் உடலைப் பேணுபவர்களாக இருக்கலாம். இப்படிப்பட்ட ஆய்வுகள் தொடர்பைக் காட்டும், காரணத்தை நிறுவாது. ஆனால் சோதனைக் கூடமும் ஊர்க் கணக்கும் ஒரே பக்கம் சாயும்போது அதைப் புறந்தள்ள முடியாது.

பழமே உணவானால்

இதுவரை சொன்னது பழத்தின் பக்கம் நியாயம். பழத்தை மட்டுமே உண்டு வாழ முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சர்க்கரையில் இல்லை.

காந்தி 1912-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்கோடு பாலை விட்டார். பிறகு சமைத்ததையும் விட்டுப் பழ உணவுக்கு மாறினார். பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று அந்தப் பட்டியலைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதில் கடலையும் எண்ணெயும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். புரதமும் கொழுப்பும் அவற்றிலிருந்து வந்தன. பின்னர் கடும் நோய்க்குப் பிறகு ஆட்டுப்பால் குடிக்க நேர்ந்தது. 1929-இல் சமைக்காத உணவை மறுபடியும் சோதித்து அனுபவங்களை 'யங் இந்தியா'வில் எழுதி வந்தார். உடல் தளர்ந்தபோது அதையும் நிறுத்தினார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் வாழைப்பழம் சுமார் 89 கலோரி தரும். ஒரு நாளைக்கு 2,000 கலோரி வேண்டுமென்றால் இரண்டேகால் கிலோ சதையைத் தின்ன வேண்டும். அதில் கிடைக்கும் புரதம் ஏறக்குறைய 25 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தேவையானதில் பாதிதான். சர்க்கரையோ 270 கிராமைத் தாண்டிவிடும். செல் சுவர் வேகத்தைக் குறைக்கும், மொத்தத்தைக் குறைக்காது.

இப்படி வாழ்ந்தவர்களை ஜெர்மனியின் கீசன் நகர ஆய்வாளர்கள் நெருங்கிப் பார்த்திருக்கிறார்கள். சமைக்காத உணவை ஆண்டுக்கணக்கில் கடைப்பிடித்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பற்றிய 1999 அறிக்கையின்படி, ஆண்கள் சராசரியாக 9.9 கிலோவும் பெண்கள் 12 கிலோவும் எடை இழந்திருந்தார்கள். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஒழுங்கற்றுப் போயிருந்தது அல்லது நின்றிருந்தது. 2005-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 201 பேரைச் சோதித்தபோது கெட்ட கொழுப்பு நல்ல நிலையில் இருந்தது. ஆனால் 38 விழுக்காட்டினருக்கு வைட்டமின் பி12 குறைபாடு. பி12 எந்தப் பழத்திலும் இல்லை.

பற்களுக்கும் விலை உண்டு. கீசனிலேயே 130 சமைக்காத உணவுக்காரர்களைப் பரிசோதித்த பல் மருத்துவர்கள், அவர்களிடம் பற்சிப்பி அரிப்பு மற்றவர்களைவிட அதிகமாகவும் கடுமையாகவும் இருப்பதைக் கண்டார்கள். இங்கே குற்றவாளி சர்க்கரையைவிடப் பழ அமிலம்தான். நாள் முழுவதும் புளிப்புப் பழத்தைக் கொறித்துக்கொண்டே இருந்தால், எச்சில் அமிலத்தை ஆற்றிப் பற்சிப்பியைச் சரிசெய்ய இடைவெளியே கிடைப்பதில்லை.

காட்டில் விளைந்ததும் தோட்டத்தில் விளைந்ததும்

"நம் முன்னோரான குரங்குகள் பழம் தின்றுதானே வாழ்ந்தன?" என்பது இந்த வாழ்க்கைமுறையைப் பரிந்துரைப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வாதம். குரங்கு தின்றது எந்தப் பழத்தை என்று பார்க்க வேண்டும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் குரங்குகளின் உணவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த காதரின் மில்டன், காட்டுப் பழங்களில் நாரும் விதையும் மிகுதி, சுக்ரோஸ் குறைவு என்று காட்டினார். நாம் தோட்டத்தில் வளர்ப்பவை பல தலைமுறைகளாக இனிப்புக்காகவும் சதைப்பற்றுக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை.

இங்கிலாந்தின் பெயின்டன் விலங்குக் காட்சிசாலை 2014-இல் தன் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதை நிறுத்தியது. மனிதருக்காக விளைவித்த பழத்தில் காட்டுப் பழத்தைவிடச் சர்க்கரை அதிகம், நாரும் புரதமும் குறைவு. குரங்குகளின் பற்களுக்கும் எடைக்கும் அது ஆகவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். பதிலாகக் கீரையும் காய்களும் கூட்டினார்கள். சிம்பன்சி ஒரு நாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் மென்றுகொண்டே இருக்கிறது. சமைத்து உண்ணத் தொடங்கிய மனிதனின் பல்லும் தாடையும் குடலும் சிறுத்துவிட்டன. அந்த உணவுக்குத் திரும்ப வேண்டுமானால் அந்தப் பழமும் இல்லை, அந்த வயிறும் இல்லை.

நம் தட்டில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2023 அறிக்கைப்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் மாம்பழக் காலம் முழுக்க ஒரு துண்டையும் தொடாமல், காலையில் வெள்ளை அரிசி இட்லியும் இனிப்புக் காபியும், மாலையில் பிஸ்கட்டுமாக நாளை நகர்த்துகிறார்கள். இது வேதனையான தவறு. சீனாவின் கடூரி ஆய்வில், ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களில் வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் பழம் உண்டவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக இருந்தது.

அவர்களுக்கு வேண்டியது அளவும் முறையும். ஒரு வேளைக்கு ஒரு கொய்யா, அல்லது ஒரு சிறு வாழைப்பழம், அல்லது கை கொள்ளும் அளவு பப்பாளித் துண்டுகள். வெறும் வயிற்றில் ஒரு தட்டு நிறைய உண்பதைவிட, நிலக்கடலையோடோ சுண்டலோடோ சேர்த்து உண்பது மேல். சோற்றின் மேல் கூடுதலாக ஏற்றாமல், சோற்றில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் வைக்க வேண்டும். உண்ட பின் ரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்து, தனக்கு எந்தப் பழம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அறிந்துகொள்ளலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு முற்றிலும் வேறு. பழங்களின் பொட்டாசியம் அவர்கள் ரத்தத்தில் தேங்கும்; நட்சத்திரப் பழம் மூளையையே பாதிக்கும். மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் பழ உணவுக்குப் போகவே கூடாது.

சமைக்காத உணவை விரும்புகிறவர்களுக்கும் இதே அறிவு உதவும். தட்டில் கீரை, காய், முளைகட்டிய பயறு, தேங்காய், கடலை ஆகியவை பெரும்பகுதியாகவும் பழம் ஒரு பகுதியாகவும் இருக்கட்டும். பழத்தை வாயால் மென்று உண்ணுங்கள்; சாற்றையும் தேனையும் சர்க்கரையாகவே எண்ணி அளந்து வையுங்கள். பி12-ஐ மாத்திரையாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தாதீர்கள்.

செல் சுவர் சர்க்கரையின் வேகத்தைக் குறைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடவில்லை. அந்தச் சுவரைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. சிறுகுடலை முழுதாகக் கடந்து பெருங்குடலுக்கு வரும் பெக்டினை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து, சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் செல்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பங்கை இவற்றில் ஒன்றான பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. நாம் செரிக்க முடியாத ஒன்று எப்படி நமக்கு உணவாகிறது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.